தெற்கு நோக்கி ஒரு தூண்டிற் பயணம்

வடதிசையில் பனி பெய்து ஏரிகள் உறைந்து கிடக்குங் காலத்தில் தூண்டிற்காரரின் உள்ளம் எங்கே திரியும்? தெற்கேதான் திரியும். ஐக்கிய அமெரிக்காவின் வடமாநிலங்களில் வாழ்வோர் பலர், சனவரி, பெப்ரவரி மாதங்களிலே காரின் பின்னே படகைப் பூட்டிக்கொண்டு, ஆயிரம் மைலுக்கும் அப்பாலுள்ள புளோரிடாவை நோக்கிப் புறப்படுகின்றனர். அவர்கள் நாடிச் செல்வது பெருவாய்ப் பாஸ் என்னும் நன்னீர் மீனை. நம் கடலோரத்தார் நன்கறிந்த கொடுவாவையும் ஆங்கிலத்தில் கடற்பாஸ் என்பதுண்டு. ஆயினும் இது வேறு, அது வேறு.

மிச்சிகன் மாநிலத்தில் ஆலைத் தொழிலாளி ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆண்டு முழுவதும் சேர்த்த பணமோ சிறிது. கிடைத்த விடுமுறையோ ஒரே கிழமை. உடன் வருபவன் பன்னிரண்டு வயது மகன். போக இரண்டு நாளும் திரும்பி வர இரண்டு நாளும் கழிந்தால், ஏரியில் நிற்கக் கிடைப்பவை மூன்றே நாள்கள். முன்பின் கண்டிராத நீர்நிலையில் அம்மூன்று நாளும் வீணாகாதிருக்க வழி யாது? அவருடன் அமர்ந்து நாமும் திட்டமிட்டுப் பார்ப்போம்.

ஊரறிவு உதவாத இடம்

அவர் முதலில் மறக்கவேண்டியது தம் சொந்த ஊர் ஏரியையே. நீர் 4 பாகை செல்சியஸ் வெப்பநிலையிலேதான் மிகுந்த அடர்த்தி உடையதாகிறது என்பதை மாணவர் அறிவர். ஆகவே குளிர்நாட்டு ஏரியில் மேலே பனிக்கட்டி மூடியிருக்க, அதனிலும் சற்று வெப்பமான நீர் அடியிலே தங்குகிறது. பாஸ் மீனின் உடல்வெப்பம் நீரின் வெப்பத்தைப் பொறுத்தது. நீர் குளிர அதன் உடலும் தளரும். அது ஆழத்தில் ஒடுங்கிச் சிறிதே உண்டு காலங்கழிக்கும். குளிர்காலத்து மீனை ஆழத்திலே தேடவேண்டும் என்பது அவ்வூரார் பட்டறிந்த பாடம்.

தென்புளோரிடாவிலோ இப்பாடம் தலைகீழாகிவிடுகிறது. அங்கே டிசெம்பர், சனவரி மாதங்களிலேயே முட்டையிடும் பருவம் தொடங்கக்கூடும். நீர் 60 பாகை பரனைற்றைத் தாண்டி வெதுவெதுப்படையும்போது ஆண்மீன் ஆழமற்ற கரையோரத்துக்கு வந்து, வாலால் மண்ணை விசிறிக் குழிபறித்துக் கூடமைக்கும். பெண்மீன் முட்டையிட்டு அகன்றுவிடும். முட்டைகளையும் குஞ்சுகளையும் காவல் காப்பது தந்தையின் கடன். நம் குளத்து விரால் தன் குஞ்சுகளைக் காத்துத் திரிவதைக் கண்டவர்களுக்கு இக்காட்சி புதிதன்று. எனவே, ஊர்ப் பழக்கத்தை நம்பி நடு ஏரிக்குப் படகைச் செலுத்துபவர், தாம் தேடி வந்த மீன்களைக் கரையோரத்திலே விட்டுவிட்டுப் போகிறார்.

இதற்குச் சான்று வேண்டுமாயின் 2001ஆம் ஆண்டு சனவரியில் நிகழ்ந்த ஒரு போட்டியைக் கூறலாம். புளோரிடாவின் டோகோப்பெக்கலைகா ஏரியில், டீன் ரோஜாஸ் என்பவர் ஒரே நாளில் ஐந்து மீன்களாக 45 இறாத்தல் 2 அவுன்ஸ் நிறுத்துக் காட்டிச் சாதனை நிலைநாட்டினார். முட்டையிடுவதற்காக ஆழமற்ற நீரை நாடி வந்த மீன்களே அவருக்கு அகப்பட்டன.

காற்றை மதியாதவர் கதி

பெரும்பாலோர் நாடிச் செல்வது ஓக்கிச்சோபி ஏரி. ஹிச்சிட்டி என்னும் பழங்குடியினர் மொழியில் இப்பெயருக்குப் பெருநீர் என்று பொருள். பரப்பு ஏறத்தாழ 730 சதுர மைல்; நம் யாழ்ப்பாண மாவட்டத்திலும் பெரியது. ஆழமோ சராசரியாக ஒன்பது அடிதான்.

இத்துணைப் பரந்த, ஆழங்குறைந்த நீர்நிலையில் காற்று வீசினால் குறுகிய செங்குத்தான அலைகள் விரைவில் எழும். 1928ஆம் ஆண்டுச் சூறாவளியில் இவ்வேரி கரைபுரண்டு, குறைந்தது 2,500 பேரின் உயிரைக் கவர்ந்தது. அதன் பின்னரே இன்று ஏரியைச் சூழ்ந்து நிற்கும் பேரணை எழுப்பப்பட்டது. குளிர்காலம் சூறாவளிக் காலமன்று. எனினும் வடக்கிலிருந்து குளிர்காற்று இறங்கும் நாளில் சிறு படகுக்கு அங்கே இடமில்லை.

அக்குளிர்காற்று மீனையும் அடக்கிவிடும். ஆழமற்ற நீர் விரைவில் குளிர்வதால், வெப்பத்திற்குப் பழகிய புளோரிடாப் பாஸ் அடர்ந்த நீர்ப்பூண்டுகளுக்குள் புகுந்து, ஓரிரு நாள் இரையைத் திரும்பியும் பாராது. மூன்றே நாள் உடையவருக்கு இஃது எத்துணை இழப்பு! ஆதலால் வானிலை அறிக்கையைப் பார்த்துப் புறப்படும் நாளை முன்பின் மாற்ற இடம் வைத்துக்கொள்வதும், காற்றுக்கு மறைவான கால்வாய் ஒன்றை முன்னரே குறித்து வைப்பதும் அறிவுடைமை.

செலவும் சிக்கனமும்

வெளிமாநிலத்தார்க்கு மூன்று நாள், ஏழு நாள் எனக் குறுங்கால அனுமதிச் சீட்டுகள் உண்டு. பதினாறு வயது நிரம்பாத மகனுக்குச் சீட்டு வேண்டியதில்லை. அவ்வகையில் மிஞ்சும் பணத்தை முதல் நாளிலேயே உள்ளூர் வழிகாட்டி ஒருவருக்குக் கொடுப்பது நன்று. எந்த நாணற் புதரருகே நீர் தெளிந்திருக்கும், பொன்னிறச் சைனர் என்னும் சிறுமீனை எவ்வாறு உயிருடன் தூண்டிலில் கோக்கவேண்டும் என்பவற்றை வரைபடம் சொல்லித் தராது. அவர் சொல்லித் தருவார். உயிர்காப்பு அங்கி இருவருக்கும் இன்றியமையாதது. கரையோரங்களில் அலிகேட்டர் முதலைகள் வாழ்வதால் சிறுவனை நீரருகே தனியே விடலாகாது.

பிடித்த மீனை என் செய்வது?

1932 யூன் 2ஆம் நாள், ஜோர்ஜியா மாநிலத்தில் ஜோர்ஜ் பெரி என்னும் ஏழை உழவர் 22 இறாத்தல் 4 அவுன்ஸ் நிறையுள்ள பாஸ் ஒன்றைப் பிடித்தார். உலக சாதனையாகிய அம்மீனை அவர் குடும்பம் உண்டு பசியாறியது. வறுமை வாட்டிய அக்காலத்தில் அதனைக் குறைகூறுவார் யார்?

இன்று பொழுதுபோக்கிற்காக வருபவர் நிலை வேறு. பெரிய பாஸ்கள் அநேகமாகப் பெண்மீன்களே. 2016 முதல் புளோரிடாவில் ஒருவர் நாளொன்றுக்கு ஐந்து பாஸ் வைத்துக்கொள்ளலாம். அவற்றுள் ஒன்று மட்டுமே 16 அங்குலமோ அதற்கு மேலோ இருக்கலாம். எட்டு இறாத்தலுக்கு மேற்பட்ட மீனை நிறுத்துப் படமெடுத்து உயிருடன் விடுவோரைப் பாராட்டும் திட்டமொன்றும் 2012இல் அங்கே தொடங்கப்பட்டது. காவல் நிற்கும் ஆண்மீனை அகற்றினால், காத்திருக்கும் வேறு சிறுமீன்கள் கணப்பொழுதில் முட்டைகளைத் தின்றுவிடும் என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும்.

ஆகவே நம் தொழிலாளி பெட்டிக்குள் நிறைகாட்டும் தராசையும் புகைப்படக் கருவியையும் மறவாது வைக்கட்டும். மூன்று நாளும் குளிர்காற்றே வீசி வெறுங்கையுடன் திரும்ப நேர்ந்தாலும் நேரலாம். எனினும், தன் ஊரில் எல்லாம் அறிந்த தந்தை புதிய ஊரிலே பிறரிடம் கேட்டுக் கற்பதை அம்மகன் கண்டிருப்பான். ஒரு மீன் கிடைத்து, அதனைத் தன் கையாலேயே நீரில் விடும் வாய்ப்பும் அவனுக்கு வாய்க்குமாயின், அப்பயணத்திற்குச் செலவிட்ட காசு வீண்போகவில்லை என்றே நாம் சொல்வோம்.