பொடி பாக்கெட் இயந்திரத்தில் கேம் சுவிட்சைச் சரிசெய்வது எப்படி?

மஞ்சளையும் மிளகாயையும் மூட்டையாக விற்காமல், அரைத்துப் பாக்கெட்டில் போட்டு விற்கும் விவசாயக் குழுக்கள் இன்று பல உள்ளன. இவற்றில் சில, பழைய பாக்கெட் இயந்திரத்தை வாங்கி ஓட்டுகின்றன. இவர்கள் அடிக்கடி சொல்லும் குறை, "பாக்கெட் ஓரம் பிரிந்து பொடி கொட்டுகிறது" என்பதாகும். உடனே ஹீட்டரின் சூட்டைக் கூட்டுகிறார்கள். பிலிம் சுருங்கிக் கருகுகிறதே தவிர, கசிவு நிற்பதில்லை. பல சமயம் கோளாறு சூட்டில் இல்லை. எந்த வேலை எப்போது நடக்க வேண்டும் என்று கட்டளையிடும் கேம் சுவிட்சில்தான் இருக்கிறது.

ஆயில் எஞ்சின் வைத்திருப்பவர்களுக்குக் கேம் புதிதல்ல. எஞ்சினில் அது வால்வைத் தள்ளித் திறக்கிறது. பாக்கெட் இயந்திரத்தில் அது மின்சார சுவிட்சை அழுத்துகிறது. எஞ்சின் கேமின் மேடு கடைந்தது கடைந்ததுதான்; இதையோ நாமே திருப்பி வைத்துக்கொள்ளலாம்.

இயந்திரத்தின் மெயின் ஷாஃப்ட் ஒரு சுற்றுச் சுற்றினால் ஒரு பாக்கெட் விழும். அதே வேகத்தில் சுற்றும் சிறு தண்டு ஒன்றில் கேம்கள் வரிசையாகக் கோக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு கேமின் விளிம்பிலும் உருளை வைத்த சுவிட்ச் ஒன்று உட்கார்ந்திருக்கும். மேடு வந்தால் சுவிட்ச் அழுந்தும். பள்ளம் வந்தால் விடுபடும். ஒரு சுவிட்ச் பிலிமை இழுக்கும் கிளட்சுக்கு, ஒன்று சீல் தாடையை மூடும் காற்று வால்வுக்கு, இன்னொன்று பொடியை இறக்கும் திருகுக்கு.

சரிசெய்யக்கூடிய கேம் பெரும்பாலும் இரண்டு தகடுகளால் ஆனது. இரண்டையும் சேர்த்துத் திருப்பினால், வேலை தொடங்கும் இடம் மாறும். ஒன்றை அசையாமல் பிடித்து மற்றதை மட்டும் நகர்த்தினால், மேட்டின் நீளம் கூடும் அல்லது குறையும். அதாவது வேலை எவ்வளவு நீடிக்கும் என்பது மாறும்.

முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. கேம் அளப்பது கோணத்தைத்தான், நேரத்தை அல்ல. நிமிஷத்துக்கு 30 பாக்கெட் ஓட்டினால் ஒரு சுற்றுக்கு 2 விநாடி. தாடை 90 டிகிரி மூடியிருந்தால் அரை விநாடி சூடு கிடைக்கும். "தீபாவளி ஆர்டர் வந்துவிட்டது" என்று 60 பாக்கெட்டுக்கு ஏற்றினால், அதே 90 டிகிரிக்குக் கால் விநாடிதான் கிடைக்கும். வேலைகளின் வரிசை மாறாது; ஆனால் ஒட்ட வேண்டிய நேரம் பாதியாகிவிடும். அப்போது கேமின் மேட்டை நீட்ட வேண்டும், அல்லது வேகத்தைக் குறைக்க வேண்டும்.

காற்றில் இயங்கும் தாடைக்கு இன்னொரு தொல்லை. சுவிட்ச் போட்டதும் தாடை மூடிவிடாது. வால்வு திறந்து சிலிண்டர் நகர விநாடியில் இருபதில் ஒரு பங்கு ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 30 பாக்கெட் வேகத்தில் இந்தத் தாமதம் 9 டிகிரி. 60 பாக்கெட் வேகத்தில் 18 டிகிரி. ஆகவே வேகத்தைக் கூட்டினால் தாடைக் கேமை அந்த அளவுக்கு முன்தள்ளி வைப்பது அவசியம்.

பொடியின் விஷயம் தனி. அரிசி, பருப்பு போல அது நேராக விழாது. புகைபோல் மிதந்து இறங்கும். திருகு தாமதமாக நின்றால், பிலிம் இறங்கித் தாடை மறுபடி மூடும்போதும் பொடி மிதந்துகொண்டிருக்கும். அது சீலுக்குள் சிக்கினால் எவ்வளவு சூடு வைத்தாலும் பிலிம் ஒட்டாது. நான் பார்த்த ஒரு கூடத்தில் இரண்டு முறை ஹீட்டர் மாற்றியும் பலனில்லை; பொடிக் கேமைச் சிறிது முன்னால் திருப்பியதும் கசிவு நின்றது. பொடி சீக்கிரம் இறங்கலாம். ஆனால் அடி ஒட்டும் தாடை மூடுவதற்கு முன் அது கீழே வந்து சேரக்கூடாது.

புதிய இயந்திரங்களில் தகட்டுக் கேமுக்குப் பதில், கோணத்தை அளக்கும் மின்னணுக் கருவி இருக்கிறது. திரையில் எண்ணை மாற்றினால் போதும். அங்கேயும் டிகிரிக் கணக்கு இதுதான்.

கேமைத் தொடுமுன் மெயின் சுவிட்சை அணைத்து, காற்றுக் குழாயை மூடி, உள்ளிருக்கும் காற்றையும் வெளியேற்றிவிட வேண்டும். பழைய இயந்திரங்கள் சிலவற்றில் இந்தச் சுவிட்சுகளிலேயே 230 வோல்ட் ஓடும். காற்று மிச்சமிருந்தால் தாடை கையைக் கவ்வும். உருளையில் படிந்த பொடியைத் துடைத்து, தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஆணி தளர்ந்து கேம் தானே நகர்ந்திருக்கவும் கூடும். அப்புறம் கேம் இருக்கும் இடத்தைப் பெயிண்டால் கோடு போட்டுக் குறித்துவிட்டுத்தான் ஆணியைத் தளர்த்த வேண்டும். ஒரு தடவைக்கு ஒரு கேம், அதுவும் ஐந்து டிகிரிக்கு மேல் வேண்டாம். ஆணியை முடுக்கி, கைச்சக்கரத்தால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, தாடைச் சுவிட்ச் விடுபடும் முன்பே பிலிம் சுவிட்ச் அழுந்துகிறதா என்று பார்க்க வேண்டும். அப்படி அழுந்தினால் பிலிம் கிழியும். காப்பு மூடியைப் போட்ட பிறகே மின்சாரம் கொடுத்து ஓட்டலாம். பத்துப் பாக்கெட் ஓட்டி, ஒவ்வொன்றையும் வாளித் தண்ணீரில் அமுக்கிப் பாருங்கள். குமிழி வராவிட்டால், அந்த டிகிரியையும் வேகத்தையும் பொடியின் பெயரோடு நோட்டில் எழுதி இயந்திரத்தின் பக்கத்திலேயே தொங்கவிடலாம்.