மண்ணின் மரமும் நரம்புக் கருவியும்: யாழ் மரபும் புலம்பெயர் கருவியாக்கமும்

முன்னுரை

1970ஆம் ஆண்டு மூன்றாம் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு பாரிசில் கூடியபோது, இன்று தமிழர் கடைத்தெருவாக அறியப்படும் லா சப்பல் அவ்வடிவில் உருவாகியிருக்கவில்லை. 1983க்குப் பின் ஈழத்திலிருந்து வந்தோரால் அது வளர்ந்தது. அங்கிருந்து வடக்கே லா கூர்னெவ் முதலிய புறநகர்களுக்குக் குடும்பங்கள் பரவின. கோயில்களும் மொழி வகுப்புகளும் இசை வகுப்புகளும் உடன் சென்றன. நகரும் புறநகரும் சந்திக்கும் லா வில்லெத்தில் 1997இல் திறக்கப்பட்ட இசை அருங்காட்சியகம் உலகின் பல நாட்டு நரம்புக் கருவிகளைக் காட்சிக்கு வைத்திருக்கிறது.

இச்சூழலில் தமிழிசை கற்கும் குழந்தைக்குக் கருவி மட்டும் கடல் கடந்தே வந்தாக வேண்டியிருக்கிறது. வீணையும் சித்திரவீணையும் தமிழகத்தில் செய்யப்பட்டு விமானச் சரக்காக வருகின்றன. குளிர்காலத்தில் வெடிக்கும் கருவியைச் செப்பனிட உரிய கைவினைஞர் அருகில் இல்லை. இசையைக் கற்பிக்க முடிந்த ஒரு சமூகம் கருவியைச் செய்ய முடியாமல் இருப்பது ஏன்? வாழும் மண்ணின் மரத்தால் கருவி செய்வது மரபை மீறுவதாகுமா? இவ்வினாக்களை யாழ் பற்றிய பழைய நூற்சான்றுகள், கோட்டுவாத்தியத்தின் வரலாறு, ஹவாய் கிட்டாரின் வரலாறு ஆகியவற்றைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

1. நூல்கள் கூறும் மரம்

தொல்காப்பியப் பொருளதிகாரம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களை வகுக்குமிடத்தில் மரத்தையும் யாழையும் ஒரே பட்டியலில் வைக்கிறது. உரையாசிரியர்கள் யாழ் என்பதைப் பண்ணாகவும் கொண்டனர். எவ்வாறு கொள்ளினும், இசை நிலத்தைச் சார்ந்தது என்னும் கருத்து அதில் அடங்கியிருக்கிறது.

இதற்கு நேரான காட்சி பெரும்பாணாற்றுப்படையில் உண்டு. முல்லை நிலத்துக் கோவலன் குழலூதிச் சலித்தபின், உள்ளே புழையுடைய குமிழங் கொம்பை வளைத்து, மரல் நாரை நரம்பாகக் கட்டி, வில்யாழ் செய்து பண் இசைக்கிறான். அவன் தொழில்முறைக் கருவியாக்குநன் அல்லன். எட்டும் தொலைவில் நின்ற மரமும் நாருமே அவனுக்குப் போதுமாயிருந்தன. பாணர் கையாண்ட யாழ்களின் உறுப்புகளை விரித்துரைக்கும் ஆற்றுப்படை நூல்களிலேயே இந்த எளிய யாழும் இடம்பெற்றிருப்பது கருதத்தக்கது.

பிற்காலத்தில் இச்செய்தி இலக்கணமாக இறுகியது. சிலப்பதிகாரத்துக்கு உரை வகுத்த அடியார்க்குநல்லார், யாழுக்கு ஏற்ற மரங்களாகக் கொன்றை, கருங்காலி, முருக்கு, குமிழ், தணக்கு என்னும் ஐந்தைக் கூறும் பழம்பாடலை எடுத்துக்காட்டுகிறார். இவ்வைந்தும் இரு வகையாகப் பிரிகின்றன. கொன்றையும் கருங்காலியும் கனமும் உறுதியும் மிக்கவை. நரம்பின் இழுவிசையைத் தாங்கும் கோட்டுக்கு ஏற்றவை. முருக்கும் குமிழும் தணக்கும் இலேசானவை. எளிதில் குடையப்படுபவை, எளிதில் அதிர்பவை. ஆகவே ஒலியைப் பெருக்கும் பத்தருக்குப் பொருந்துபவை. தாங்கும் உறுப்புக்கு வன்மரம், பாடும் உறுப்புக்கு மென்மரம் என்னும் இவ்விதியையே இன்றைய கிட்டார்க் கைவினைஞரும் பின்பற்றுகின்றனர்.

மரத்தின் பெயரினும் அதன் குற்றங்களே அவ்வுரையில் அழுத்தம் பெறுகின்றன. நீரில் நின்ற மரம், அழுகிய மரம், வெந்த மரம், நிலமயக்கில் வளர்ந்தது, இடி வீழ்ந்தது, நோயுற்றது ஆகியவை விலக்கத்தக்கவை. இக்குற்றங்களால் செம்பகை, ஆர்ப்பு, கூடம், அதிர்வு என்னும் இசைக் குற்றங்கள் விளையும் என்பது கருத்து. இன்பமின்றி இசைத்தல், அளவிறந்து ஒலித்தல், ஒலி மழுங்குதல், இசை சிதறுதல் என அவற்றை முறையே கொள்ளலாம். மரம் வளர்ந்த நிலைக்கும் கருவி தரும் ஒலிக்கும் காரண காரியத் தொடர்பு கண்ட நோக்கு இது. அழுகிய நார் அதிர்வை விழுங்கும். இடியுண்ட மரத்தின் உள்வெடிப்பு பலகையைச் சிதறச் செய்யும். சாய்ந்தும் முறுக்குண்டும் வளர்ந்த மரத்தின் பலகை ஒரு சீராக உலராது. மரநூலார் இன்று கூறுவதும் இதுவே.

விபுலானந்த அடிகள் பல்லாண்டு ஆய்ந்து எழுதிய யாழ் நூல் 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் மறைந்தார். பேரியாழ், மகரயாழ், சகோடயாழ், செங்கோட்டியாழ் ஆகியவற்றின் நரம்படைவையும் அமைப்பையும் மீட்டெடுக்க அந்நூல் வழிகாட்டியது. அண்மையில் தருண் சேகர் முதலிய இளைய கைவினைஞர் யாழை மீண்டும் செய்து இசைக்கத் தொடங்கியிருப்பது அவ்வழியின் தொடர்ச்சியாகும்.

2. பலாவும் கோட்டுவாத்தியமும்

மேற்கண்ட ஐந்து மரங்களுள் பலா இல்லை. ஆயினும் தஞ்சாவூர் வீணை இன்று பலா மரத்தாலேயே செய்யப்படுகிறது. பண்ருட்டிப் பகுதிப் பலாவுக்குத் தனி மதிப்பு உண்டு. குடம், தண்டி, யாளிமுகம் ஆகிய பகுதிகளைத் தனித்தனியே கடைந்து இணைப்பது ஒட்டு வீணை. ஒரே மரத்தில் குடைந்தெடுப்பது ஏகாண்ட வீணை. 2013இல் தஞ்சாவூர் வீணை புவிசார் குறியீடு பெற்றது. மரபின் அடையாளமாகவே கருதப்படும் மரம் பழைய இலக்கணத்தின் பட்டியலில் இல்லாதது என்பதே, மரபு மரத்தை மாற்றிக்கொண்டு வாழ்ந்தது என்பதற்குப் போதிய சான்றாகும்.

வீணையிலிருந்து மெட்டுகளை நீக்கி, விரலுக்கு மாறாக ஓர் உருளையை நரம்பின்மேல் வழுக்கி இசைப்பது கோட்டுவாத்தியம். இம்முறை பழைமையானது. 13ஆம் நூற்றாண்டுச் சங்கீத ரத்னாகரம் கூறும் ஏகதந்திரி வீணையும் நரம்பின்மேல் ஒரு கோலை நகர்த்தி இசைக்கப்பட்டதே. தமிழகத்தில் திருவிடைமருதூர் சகாராம ராவ் இதனை அரங்கக் கருவியாக நிலைநிறுத்தினார். செம்மங்குடி சீனிவாச ஐயர் அவரிடம் பயின்றவர். பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகள் வாய்ப்பாட்டின் நுண்மையை இதில் கொணர்ந்தார். மைசூர் அரசவையில் விளங்கிய நாராயண ஐயங்கார் உடனதிரும் நரம்புகளைச் சேர்த்து ஒலியை விரித்தார். அவர் பேரனாகிய ரவிகிரண் காலத்தில் சித்திரவீணை என்னும் பெயர் பரவியது. கருங்காலி உருளைக்கு மாறாக டெஃப்லான் உருளையும் வழக்கிற்கு வந்தது. நூறாண்டுக்குள் நரம்பின் எண்ணிக்கையும் உருளையின் பொருளும் பெயரும் மாறின. எனினும் கருவியின் இசைத்தன்மை பிறழவில்லை.

3. கோவா மரமும் மடிக் கிட்டாரும்

பசிபிக் கடலின் ஹவாய்த் தீவுகளுக்குக் கிட்டார் அயற்பொருளாகவே வந்தது. 1830களில் மாடு மேய்க்க அழைத்துவரப்பட்ட மெக்சிக்கரோடும், பின்னர் போர்ச்சுக்கீசியத் தொழிலாளரோடும் அது வந்தது. ஏறத்தாழ 1889இல் ஜோசப் கெகூகூ என்னும் மாணவர் கிட்டாரை மடிமேல் கிடத்தி, எஃகுத் துண்டை நரம்பின்மேல் வழுக்கி இசைக்கும் முறையை வளர்த்தார். அவருக்கு முன்பே இந்தியாவில் பிறந்த காபிரியேல் டேவியன் என்பவர் இவ்வாறு இசைத்ததாக ஒரு செய்தி உண்டு. அதைக் கொண்டு ஹவாய் கிட்டாரைக் கோட்டுவாத்தியத்தின் வழித்தோன்றலாக்குவது சான்றின் எல்லையைக் கடந்ததாகும். ஒரே தேவை இரு கடற்கரைகளில் ஒத்த தீர்வைத் தந்தது என்று கொள்வதே பொருத்தம்.

இங்கு நோக்கற்பாலது மரமே. அத்தீவுகளுக்கே உரிய கோவா என்னும் வேல இன மரம் அங்குப் படகாகவும் கலமாகவும் பயன்பட்டுவந்தது. கிட்டார் வந்ததும் அதே மரம் கிட்டாராயிற்று. 1915இல் சான் பிரான்சிஸ்கோ கண்காட்சியில் ஹவாய் இசை பெரும் வரவேற்பைப் பெற்றபின், லாஸ் ஏஞ்சலிசில் ஜெர்மானியரான ஹெர்மன் வைசன்போர்ன் கோவா மரத்தால் மடிக் கிட்டார்களைச் செய்தார். அவற்றின் கழுத்தும் உள்ளீடற்றது; உடல் முழுவதும் ஒரே ஒலிப்பெட்டி. இன்று ஆஸ்திரேலியக் கைவினைஞர் அதே வடிவத்தைத் தம் நாட்டுக் கரும்வேலில் செய்கின்றனர். அது கோவாவின் நெருங்கிய உறவு மரம். 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் நீலகிரியில் நட்டுச் சோலைக் காடுகளையும் புல்வெளிகளையும் நெருக்கிய அயல் மரங்களுள் அதுவும் ஒன்று. ஓரிடத்தில் மண்ணின் மரமாக இருப்பது வேறோரிடத்தில் அகற்றத்தக்க அயல்மரமாகிறது. அகற்றப்படும் அம்மரம் கருவியாகலாம் என்பதும் எண்ணத்தக்கது.

பாரிசும் இவ்வரலாற்றுக்குப் புறம்பன்று. இத்தாலியில் பிறந்த ஜினோ போர்தென் 1930களில் இந்நகரில் ஹவாய் கிட்டாரை இசைத்துப் புகழ்பெற்றார். 1932இல் செல்மெர் நிறுவனம் மாரியோ மக்காஃபெரியின் வடிவமைப்பில் கிட்டார் செய்யத் தொடங்கியபோது ஹவாய் வகையும் அவற்றுள் இருந்தது. செல்மெர் கிட்டார்களின் பக்கங்களுக்கு இந்திய ஈட்டி மரத்தின் மெல்லிய தகடுகள் பயன்பட்டன. தமிழர் குடியேறுவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே தென்னிந்தியக் காட்டு மரம் பாரிஸ் இசையில் ஒலித்திருக்கிறது.

இந்தியாவில் பிரிஜ்பூஷண் காப்ராவும், பின்னர் விசுவமோகன் பட்டும் இக்கிட்டாரை இராக இசைக்கு ஏற்பத் திருத்தினர். பட் 1994இல் கிராமி விருது பெற்றார். ஆகவே இசை மரபும் கருவியின் மரமும் ஒரே நிலத்திலிருந்து வந்தாக வேண்டும் என்பதில்லை.

4. குளிர்நாட்டில் மரத்தின் நடத்தை

கருவி பாரிசில் வெடிப்பதற்குக் காரணம் குளிரன்று, வறட்சியே. காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காடாக இருக்கும் இடத்தில் மரம் தன் எடையில் ஏறத்தாழ 14 விழுக்காடு நீரைத் தன்னுள் வைத்திருக்கும். குளிர்காலத்தில் சூடேற்றிய அறையில் ஈரப்பதம் 30 விழுக்காடாகக் குறையும். மரத்தின் நீர் 6 விழுக்காட்டுக்கு இறங்கும். மரம் நீளவாட்டில் பெரும்பாலும் சுருங்குவதில்லை, குறுக்குவாட்டிலேயே சுருங்கும். ஆண்டு வளையத்தைத் தழுவிச் செல்லும் திசையில் சுருக்கம், மையத்திலிருந்து வெளிநோக்கும் திசையைக் காட்டிலும் ஏறத்தாழ இரு மடங்கு. 30 சென்டிமீட்டர் அகலப் பலகை இவ்வாறு 5 மில்லிமீட்டர் வரை சுருங்க முயலும். ஒட்டு அதைத் தடுத்தால் பலகை பிளக்கும்.

இதிலிருந்து மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, கருவி எங்கு வாழப்போகிறதோ அவ்விடத்தின் வறட்சியிலேயே மரம் பதப்பட வேண்டும். இரண்டாவது, வளையங்கள் பலகையின் முகத்துக்குச் செங்குத்தாக நிற்குமாறு ஆரத்திசையில் அறுத்த பலகையே ஏற்றது. மூன்றாவது, மெட்டுள்ள கருவியினும் மெட்டில்லாக் கருவி புதிய கைவினைஞருக்கு உகந்தது. வீணையில் மெழுகின்மேல் பதித்த 24 மெட்டுகளுள் ஒன்று சற்றே நகரினும் சுருதி கெடும். சித்திரவீணையிலும் மடிக் கிட்டாரிலும் சுருதியைச் செவியும் கையுமே காண்கின்றன. நரம்பு பலகையைத் தொடுவதில்லை. கழுத்து ஒரு மில்லிமீட்டர் வளைந்தாலும் இசைக்கலாம்.

மடிக் கிட்டாரின் ஆக்கமும் குடைவு வேலையைக் கோருவதில்லை. மேற்பலகையும் அடிப்பலகையும் 2.5 முதல் 3 மில்லிமீட்டர் கனத்துக்கு இழைக்கப்படும். பக்கத் தகடுகள் நனைக்கப்பட்டுச் சூடேறிய குழாயின்மேல் வளைக்கப்படும். மேற்பலகையின் உட்புறத்தில் குறுக்குச் சட்டங்கள் ஒட்டப்படும். அவை நரம்பின் இழுவிசையைத் தாங்க வேண்டும், ஆனால் பலகையின் அதிர்வை முடக்கக் கூடாது. இவ்விரு தேவைக்கும் இடையிலான அளவைக் கைவினைஞர் பலகையைத் தட்டிக் கேட்டே அறிகின்றனர். நரம்புகள் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் உயர்ந்து நிற்குமாறு குதிரையும் மேற்கட்டையும் அமைக்கப்படும்.

5. எந்த மரம்?

ஈட்டி இன மரங்கள் அனைத்தும் 2017 ஜனவரியில் சைட்டிஸ் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. செய்து முடித்த கருவிகளுக்கு 2019இல் பெரும்பாலும் விலக்கு கிடைத்தது. பலகையாகக் கொணர்வதற்கு அன்று. எனவே அயல்நாட்டு மரத்தை நம்புவது அரிதாகிறது.

பிரான்சின் மரவளமோ பெரிது. ஜூரா மலையின் ஸ்ப்ரூஸ் இலேசும் விறைப்பும் உடையது. பாடும் பலகைக்கு ஏற்றது. வோஸ் பகுதியின் மிரேகூர் ஊர் பல நூற்றாண்டாக வயலின் செய்துவருகிறது. கருவியாக்கப் பள்ளியும் அங்குண்டு. வால்நட்டும் மேப்பிளும் பக்கங்களுக்கு உதவும். இவற்றுள் தமிழ்க் கருவிக்கு மிக நெருங்கியது முசுக்கட்டை. பட்டுப்புழு வளர்ப்பின் பொருட்டு நடப்பட்டுத் தென் பிரான்சில் பரவிய இம்மரம் பலாவின் தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தது. பலாவைப் போன்றே அறுத்தபோது மஞ்சளாகவும் ஆண்டுகள் செல்லச் செந்நிறமாகவும் மாறும். பாரசீகத் தாரும் ஆப்கானிய ரபாபும் முசுக்கட்டையிலேயே குடையப்படுகின்றன. சித்திரவீணையின் குடத்துக்கு முசுக்கட்டையும் மேற்பலகைக்கு ஸ்ப்ரூசும் என்பது, வன்மரமும் மென்மரமும் தத்தம் தொழிலுக்கு என்னும் பழைய பகுப்புக்கு முரண்படாது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. பலாவின் ஒலி தமிழ்ச் செவிக்குப் பழகியது. வேறு மரம் வேறு நாதம் தரும் என்பர். அது மெய்யே. ஸ்ப்ரூஸ் விரைந்தும் உரத்தும் பேசும். பலாவின் அடங்கிய கனிவு அதில் இல்லை. கமகத்தின் நீட்சிக்கு ஒலி நின்று தேய வேண்டுமாதலின், மேற்பலகையைச் சற்றுக் கனமாக விடுதல், உடனதிரும் நரம்புகளைச் சேர்த்தல் முதலிய திருத்தங்கள் தேவைப்படும். நாராயண ஐயங்கார் தம் காலத்தில் செய்ததும் இத்தகைய திருத்தமே.

முடிவுரை

மேற்கண்ட சான்றுகளால், மரங்களின் பெயர்ப்பட்டியலைக் காட்டிலும் மரத்தைத் தேரும் அறிவே யாழ் மரபின் உயிர்ப்பகுதி என்பது பெறப்படும். குமிழங் கொம்பை வளைத்த கோவலனும், கோவாவை இழைத்த ஹவாய்த் தச்சரும், பலாவைக் குடையும் தஞ்சைக் கைவினைஞரும் தத்தம் மண்ணில் நின்ற மரத்தையே நாடினர்.

தஞ்சையின் கைவினைஞருக்கு இது போட்டியாகாது. அவர்தம் அறிவு இல்லாமல் முசுக்கட்டை வெறும் விறகே. குடத்தின் வளைவும் குதிரையின் சாய்வும் அவர் கையில் உள்ளவை. அவற்றைக் கற்றுப் பதிவுசெய்யும் கூட்டு முயற்சியே முதற்படி. அவ்வறிவு லா கூர்னெவின் ஒரு சிறு பட்டறைக்கு வந்து சேருமாயின், அங்குள்ள குழந்தை தான் இசைக்கும் கருவியின் மரத்தைத் தன் தெருவிலும் காணும். கருவி வெடித்தால் யாரிடம் கொண்டுசெல்வது என்னும் வினாவுக்கும் அவ்வூரிலேயே விடையிருக்கும்.