நடுக்கடலில் உத்தியோகம்

2010-ஆம் வருஷம், ஏப்ரல் மாதம் 20-ஆம் தேதி. இரவு பத்து மணி ஆகப்போகிறது. அமெரிக்காவின் லூயிஸியானா கரையிலிருந்து நாற்பது மைலுக்கு அப்பால், மெக்ஸிகோ வளைகுடாவில், 'டீப்வாட்டர் ஹொரைஸன்' என்னும் எண்ணெய்த் துரப்பண மேடை தீப்பற்றி எரிகிறது. மேடையின் மேல் 126 பேர். என்ஜின்கள் நின்றுவிட்டன. விளக்குகள் அணைந்துவிட்டன. அந்த வேளையில் ரேடியோவில் ஒரு குரல் கிளம்புகிறது. 'மேடே! மேடே!' 'ஆபத்து, உதவிக்கு வாருங்கள்' என்பதற்குக் கப்பற்காரர்களின் பாஷை அது.

அது ஒரு பெண்ணின் குரல். அவளுக்கு வயது 23.

"நடுக்கடலில், இராத்திரி வேளையில், எண்ணெய்க் கிணற்றின் தலைமேல் ஒரு பெண்ணுக்கு என்ன வேலை?" என்று உங்களில் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால், பதில் சற்று நீளமானது. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

நங்கூரம் இல்லாத வீடு

அந்த மேடை நின்ற இடத்தில் கடலின் ஆழம் சுமார் 5,000 அடி. கிட்டத்தட்ட ஒரு மைல்! அவ்வளவு ஆழத்தில் கால் ஊன்றி நிற்க முடியாது. அந்த மேடை நங்கூரமும் பாய்ச்சவில்லை. மிதந்துகொண்டேதான் கிணறு தோண்டியது. காற்று ஒரு பக்கம் தள்ளும். நீரோட்டம் இன்னொரு பக்கம் இழுக்கும். மேடையோ இம்மியும் விலகாமல் கிணற்றுக்கு நேர் மேலே நிற்க வேண்டும்.

தவலைத் தண்ணீரில் ஒரு தக்கையை மிதக்க விட்டு, அதில் குத்திய நீள ஊசியின் முனை அடியில் கிடக்கும் ஒற்றைக் கடுகைத் தொட்டபடியே இருக்க வேண்டும் என்று யாராவது பந்தயம் கட்டினால் எப்படி இருக்கும்? அந்தப் பந்தயத்தைத்தான் இந்த மேடைகள் தினம் ஜெயிக்கின்றன. வானத்துச் செயற்கைக் கோள்கள் இருப்பிடத்தைச் சொல்ல, கம்ப்யூட்டர் கணக்குப் போட, அடியிலுள்ள ராட்சத விசிறிகள் மேடையை இப்படியும் அப்படியும் தள்ளி ஒரே இடத்தில் பிடித்து வைக்கின்றன. அந்தக் கம்ப்யூட்டரின் முன் உட்கார்ந்து காவல் காப்பதுதான் அந்தப் பெண்ணின் உத்தியோகம். தேக பலம் வேண்டியதில்லை. கண்ணும் புத்தியும் தூங்காமலிருந்தால் போதும்.

தலைகீழாக ஒரு பரீட்சை

சரி, இந்த உத்தியோகத்துக்கு நீங்களே புறப்படுவதாக வைத்துக்கொள்வோம். இடம் பிரிட்டனுக்கும் நார்வேக்கும் இடையிலுள்ள வடகடல். 1969-ஆம் வருஷம் அங்கே 'எகோஃபிஸ்க்' என்ற பெரிய எண்ணெய் வயல் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் பிறகு, மீன் பிடித்துக்கொண்டிருந்த கரையோர ஊர்களெல்லாம் எண்ணெய்ப் பட்டணங்களாகிவிட்டன. ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரம் அவற்றில் ஒன்று. அங்கிருந்து ஹெலிகாப்டரில்தான் மேடைக்குப் போகவேண்டும்.

ஆனால், டிக்கெட் வாங்கியவுடன் ஏறிவிட முடியாது. முதலில் நீச்சல் குளத்தில் ஒரு பரீட்சை உண்டு. ஹெலிகாப்டரைப் போலவே செய்த ஒரு கூண்டில் உங்களை உட்கார வைத்து, வார்ப்பட்டையால் கட்டி, தண்ணீருக்குள் இறக்குவார்கள். தண்ணீர் இடுப்புக்கு வரும், மார்புக்கு வரும், தலைக்கு மேல் போகும். அப்புறம் கூண்டு தலைகீழாகப் புரளும். மூச்சை அடக்கிக்கொண்டு, ஒரு கையால் ஜன்னலைத் தேடிப் பிடித்து, அதைத் தள்ளித் திறந்து, பிறகே வார்ப்பட்டையை அவிழ்த்து, நீந்தி வெளியே வரவேண்டும். அவசரப்பட்டு வாரை முதலில் அவிழ்த்தால் போச்சு! தண்ணீர் உங்களைக் கூண்டுக்குள் எங்கேயோ தள்ளிவிடும். எது மேல், எது கீழ் என்பதே தெரியாது.

இதெல்லாம் வீண் சடங்கு என்று நினைத்துவிடாதீர்கள். 2013 ஆகஸ்டு 23-ஆம் தேதி, மேடைகளிலிருந்து 18 பேருடன் திரும்பிக்கொண்டிருந்த ஒரு ஹெலிகாப்டர், ஷெட்லாந்துத் தீவின் ஸம்பர்க் விமான நிலையத்துக்கு அருகே கடலில் விழுந்து புரண்டது. பதினான்கு பேர் தப்பினார்கள். நான்கு பேர் இறந்தார்கள். அந்த நால்வரில் ஒருத்தி பெண். கடலுக்கு ஆண் என்றும் பெண் என்றும் பேதம் கிடையாது.

இந்த விபத்துக்குப் பின்பு பிரிட்டனில் ஒரு விசித்திரமான விதி வந்தது. பயணிகளின் தோளை அளக்கிறார்கள்! தோள் 22 அங்குலமோ அதற்கு மேலோ இருந்தால், பெரிய ஜன்னலுக்குப் பக்கத்தில்தான் இடம். தோள் அகன்ற ஆண்பிள்ளைகளை இடம் மாற்றி உட்கார வைக்கும் இந்த விதி, சிறு கூடான பெண்களை ஒன்றும் செய்வதில்லை. கடல் மேடையில் பெண்ணாகப் பிறந்ததால் கிடைக்கும் சலுகை அநேகமாக இது ஒன்றுதான்!

பாட்டுக்காரியும் தப்பவில்லை

நார்வேயில் 'ட்ரோல்' என்றொரு மேடை இருக்கிறது. கான்கிரீட் கால்களில் நிற்கும் இதன் மொத்த உயரம் 472 மீட்டர். கடல் மட்டத்துக்குக் கீழே மட்டும் 303 மீட்டர். 2006-ஆம் வருஷம் அக்டோபர் மாதம், கேட்டி மெலுவா என்ற பாடகி இந்த மேடையின் கால் ஒன்றுக்குள் அடிவரை இறங்கி, அங்கே வேலை செய்வோருக்காகக் கச்சேரி செய்தாள். கடலுக்கு அடியில் அவ்வளவு ஆழத்தில் நடந்த கச்சேரி வேறில்லை என்று கின்னஸ் புத்தகத்தில் அது பதிவாயிற்று. பாட வந்தவள்தானே என்று அவளை அப்படியே விட்டுவிடவில்லை. வைத்தியப் பரிசோதனையும் உயிர் காக்கும் பயிற்சியும் முடித்த பிறகுதான் மேடைக்கு அழைத்துப் போனார்கள்.

பதினாலு நாள் கணக்கு

மேடையில் இறங்கியாயிற்று. தீப்பெட்டி, லைட்டர் எதுவும் கூடாது. பிரிட்டனின் மேடைகளில் மதுபானத்தின் வாசனையே ஆகாது. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் வேலை. ஞாயிற்றுக்கிழமை, பண்டிகை என்ற பேச்சே கிடையாது. பதினாலு நாள் தொடர்ந்து பார்த்தால் 168 மணி. நம் ஊர் ஆபீஸில் தினம் எட்டு மணி வீதம் வாரத்துக்கு ஆறு நாள் உழைப்பவர் மூன்றரை வாரத்தில் செய்வதை இவர்கள் இரண்டு வாரத்தில் முடித்துவிடுகிறார்கள். பிறகு கரையில் நீண்ட ஓய்வு. நார்வேயில் இரண்டு வாரம் வேலை, நாலு வாரம் ஓய்வு என்பது வழக்கம்.

சாப்பாட்டுக்குக் குறைவில்லை. நாலு வேளையும் சுடச்சுட உண்டு. இராத்திரி ஷிப்டுக்காரர்களுக்கு நடுநிசியில்கூட உலை கொதிக்கும். ஆனால், மூடுபனி இறங்கிவிட்டால் ஹெலிகாப்டர் வராது. பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு, 'இன்று போவோமா, நாளைக்கா?' என்று வானத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

ஆரம்பத்தில் பெண்கள் போனது பெரும்பாலும் சமையல், துப்புரவு, நர்ஸ் வேலைகளுக்கு. இன்று பூமியின் அடுக்குகளை ஆராய்கிறவர்கள், மின்சார நிபுணர்கள், என்ஜினீயர்கள், மேடை முழுவதற்கும் மானேஜர்கள் என்று எல்லாத் துறைகளிலும் இருக்கிறார்கள். இருந்தும் எண்ணிக்கை சொற்பம். 2010-களில் பிரிட்டிஷ் கடல் மேடைகளில் வேலை பார்த்தவர்களில் 100-க்குச் சுமார் 4 பேர்தான் பெண்கள். நூறு பேர் சாப்பிடும் கூடத்தில் நாலு பேர்! நீங்கள் தட்டை எடுத்துக்கொண்டு நடந்தால் எல்லாக் கண்களும் உங்கள் பின்னாலேயே வரும். யாரும் தப்பாக ஒன்றும் சொல்லாமலிருக்கலாம். ஆனாலும், பதினாலு நாளும் பார்க்கப்படுவது ஓர் அலுப்பு அல்லவா?

சாக்குப் போக்குகள்

"பெண்களை எடுத்துக்கொள்ள எங்களுக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால், தனிக் குளியலறை இல்லையே!" வெகு காலம் சொல்லப்பட்ட சமாதானம் இது. கடலுக்கு நடுவில் பல மாடிக் கட்டடத்தை நிறுத்தத் தெரிந்தவர்களுக்கு ஒரு கதவும் தாழ்ப்பாளும் வைக்கத் தெரியவில்லை!

உடுப்பு விஷயமும் அப்படித்தான். குளிர் நீரில் விழுந்தால் உயிரைக் காப்பதற்காக ஒரு ரப்பர் அங்கி தருவார்கள். அது வெகு காலம் ஆண்களின் அளவுக்கே தைக்கப்பட்டது. கழுத்திலும் மணிக்கட்டிலும் இறுகப் பிடிக்காவிட்டால் உள்ளே தண்ணீர் புகுந்துவிடும். புடவை பெரிதாக இருந்தால் கொசுவத்தை இன்னொரு மடி மடித்துக்கொள்ளலாம். உயிர் காக்கும் அங்கியில் அது நடக்காது. பெண்ணுக்கு அளவான அங்கி நாகரிகச் சமாசாரம் அல்ல, உயிர்ச் சமாசாரம்.

சட்டமும் கரையிலேயே நின்றுவிட்டது. வேலையில் ஆண், பெண் பாகுபாடு கூடாது என்று பிரிட்டன் 1975-ல் சட்டம் செய்தது. அதைக் கடல் மேடை உத்தியோகங்களுக்கும் நீட்டித் தனி உத்தரவு வந்தது 1987-ல். நடுவே பன்னிரண்டு வருஷம்!

நம் தேசத்திலும் கதை உண்டு. பம்பாய்க்கு மேற்கே அரபிக் கடலில் 'பாம்பே ஹை' எண்ணெய் வயல் 1974-ல் கண்டுபிடிக்கப்பட்டு, 1976-ல் எண்ணெய் தரத் தொடங்கியது. 1952-ஆம் வருஷத்துச் சுரங்கச் சட்டம் எண்ணெய்க் கிணற்றையும் சுரங்கம் என்றே கணக்கில் சேர்த்திருந்தது. சுரங்கங்களில் பெண்கள் பூமிக்கு மேலே காலை 6 மணி முதல் மாலை 7 மணி வரைதான் வேலை செய்யலாம் என்றது அந்தச் சட்டம். கிணறு இரவில் தூங்குவதில்லையே! ஆகவே, படித்துப் பட்டம் பெற்ற பெண்களுக்கும் இரவு ஷிப்டு எட்டாமல் நின்றது. 2019 ஜனவரியில் இந்த விதி தளர்ந்தது. பெண் எழுத்து மூலம் சம்மதித்தால் இரவு வேலை செய்யலாம். ஆனால், ஒரு ஷிப்டில் குறைந்தது மூன்று பெண்களாவது இருக்க வேண்டும். 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு, எல்லா வேலைகளுக்கும் பெண்களுக்கு உரிமை உண்டு என்று சொல்லிவிட்டது. இதற்கு நடுவே 2022 ஜனவரியில், 1956-ல் தோன்றிய ஓ.என்.ஜி.சி. ஸ்தாபனத்தின் தலைமைப் பொறுப்பை முதன்முறையாக ஒரு பெண்மணி, அல்கா மித்தல், ஏற்றார்.

குழந்தை யாரிடம்?

இவ்வளவையும் படித்துவிட்டு, "எல்லாம் சரி, குழந்தையை யார் பார்த்துக்கொள்வார்கள்?" என்று நம் வீட்டுப் பாட்டி கேட்பாள். கேட்கட்டும்; அதுதான் நிஜமான கேள்வி. கர்ப்பமான பெண்ணைக் கரை வேலைக்கு மாற்றிவிடுவது வழக்கம். ஆஸ்பத்திரி இல்லாத இடம். ஆபத்தென்றால் ஹெலிகாப்டர் வரவேண்டும். ஆகையால் அது நியாயமே. கஷ்டம் அப்புறம்தான். கைக்குழந்தையை விட்டு இரண்டு வாரம் போவதா? கரையிலேயே தங்கிக் கடல் வேலைக்குரிய படியை இழப்பதா? பலர் இந்த இடத்தில்தான் உத்தியோகத்தை விட்டுவிடுகிறார்கள். விடாதவர்களின் வீட்டில் விசாரித்தால் ஒரு கணவனோ, தாயோ, மாமியாரோ தோள் கொடுத்திருப்பார்கள். ஒன்று மட்டும் கவனித்தீர்களா? அதே மேடையில் வேலை செய்யும் தகப்பன்மார்களிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை!

மறுபடியும் அந்தக் குரல்

எரியும் மேடையில் நாம் விட்டு வந்த பெண்ணுக்கு என்ன ஆயிற்று? அவள் ரேடியோவில் அபாய அழைப்பு விடுத்ததைக் கண்ட காப்டன், தன் அனுமதியில்லாமல் அழைத்ததற்காகக் கண்டித்தார் என்று பின்னர் பத்திரிகைகளில் செய்தி வந்தது. கடைசியாக மேடையை விட்டு இறங்கியவர்களில் அவளும் ஒருத்தி. உயிர் பிழைத்தாள். 126 பேரில் 115 பேர் பிழைத்தார்கள். 11 பேர் இறந்தார்கள். அவள் குரலால்தான் மற்றவர்கள் பிழைத்தார்கள் என்று சொல்வதற்கில்லை. பக்கத்திலேயே ஒரு கப்பல் நின்றிருந்தது. தப்பியவர்களை அதுதான் ஏற்றிக்கொண்டது. பிறகு விசாரணையில் அவளையும் கூப்பிட்டுச் சரமாரியாகக் கேள்வி கேட்டார்கள். எந்த மணி எப்போது அடித்தது, யார் எப்போது என்ன சொன்னார்கள் என்று ஒவ்வொரு நிமிஷத்துக்கும் கணக்குக் கேட்டார்கள். அவளும் பதில் சொன்னாள்.

எல்லோரும் உத்தரவுக்குக் காத்து நிற்கும் நேரத்தில், செய்யவேண்டியதைச் செய்ய ஒருவர் வேண்டும். அந்த இரவில் ரேடியோவைக் கையில் எடுத்தவள் ஒரு பெண். 'அங்கே ஒரு பெண்ணுக்கு என்ன வேலை?' என்று கேட்டோமே, அந்த வேலைதான்.