மென்பொருள் இலவசம், பரீட்சிப்பது நமது பொறுப்பு

நோயாளர் மீண்டும் வைத்தியசாலைக்கு வருவாரா என்பதை ஆழ்கற்றல் முறையில் கணிக்க உதவும் ‘பைஹெல்த்’ மென்பொருளை அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இலவசமாக வழங்குகின்றனர். தரவைச் சேர்த்தல், கேள்வியை வரையறுத்தல், கணிப்பு முறையைத் தெரிதல், பயிற்றுதல், பரீட்சித்தல் என ஐந்து படிகள். கடைசிப் படியே முக்கியம். ஓரிடத்துப் பதிவுகளில் கற்றது வேறிடத்தில் சறுக்கலாம்.

எபிக் நிறுவனம் விற்ற வேறொரு கணிப்பு மென்பொருளை மிச்சிகன் பல்கலைக்கழகத்தினர் தமது வைத்தியசாலையில் பரீட்சித்தனர். செப்சிஸ் எனும் உயிராபத்தான நிலைக்குள்ளானோரில் 67 வீதமானோரை அது தவறவிட்டதாக 2021இல் வெளியான அவர்களது ஆய்வு கூறியது.

விற்பனையைக் கணிக்கும் மென்பொருளுடன் உங்கள் கடைக்கு யாரும் வந்தால், சென்ற வருடத்தின் முதல் ஆறு மாதக் கணக்கை மட்டும் கொடுங்கள். அடுத்த ஆறு மாதத்தைச் சொல்லட்டும். பேரேட்டுடன் ஒத்துப்பார்த்த பின்னரே காசைக் கொடுங்கள்.