ஒரே கலிமா, பல ஜமாஅத்கள்

  

குடிசன மதிப்பீட்டுப் படிவத்தில் எமக்கென இருப்பது 'இஸ்லாம்' என்னும் ஒரே நிரல்தான். 1981 இல் இந்நாட்டு மக்களில் 7.6 சதவீதமாக இருந்த முஸ்லிம்கள் 2012 இல் 9.7 சதவீதமாயினர். இவ்வுயர்வுக்குப் பிறப்பு வீதமே பிரதான காரணம், மதமாற்றமன்று. ஆயினும் அந்த ஒரே நிரலுக்குள் நிகழ்ந்துள்ள பெரும் மாற்றத்தை அக்கணக்கு காட்டுவதில்லை.

எமது பாட்டன்மார் காதிரிய்யா, ஷாதுலிய்யா தரீக்காக்களின் நிழலில் மார்க்கம் பயின்றனர். மௌலிதும் கந்தூரியும் ஊரை ஒன்றுகூட்டின. 1947 இல் பரகஹதெனியவில் ஸுன்னாவை வலியுறுத்தும் இயக்கம் தோன்றியது. 1950களில் தப்லீக் பணி வேரூன்றியது. 1954 இல் இலங்கை ஜமாஅதே இஸ்லாமி உருவானது. 1977 இன் பின் வளைகுடா நாடுகளுக்குத் தொழிலுக்கும் கல்விக்கும் சென்றோர் வேறு நடைமுறைகளைக் கண்டு திரும்பினர். விளைவு, ஒரே வீட்டில் வாப்பா ஒரு ஜமாஅத், மகன் இன்னொரு ஜமாஅத்.

ஆதாரம் கேட்பது குற்றமன்று. அது அறிவின் வாசல். "வாப்பாவின் பின்னால் தொழமாட்டேன்" என்று மகன் கூறுவதும், "இனி இந்த வீட்டுப் படியை மிதிக்காதே" என்று வாப்பா விரட்டுவதுமே நோய். இந்நோய் எங்கு கொண்டுசெல்லும் என்பதை நாம் கண்டோம். 2009 ஜூலையில் பேருவளையில் முஸ்லிம்களுக்கிடையிலான மோதலில் இரு உயிர்கள் பறிபோயின. 2017 மார்ச்சில் காத்தான்குடியில் சக முஸ்லிம்களோடு மோதிய குழுவின் தலைவனே, 2019 ஏப்ரல் 21 இல் 250க்கும் மேற்பட்ட அப்பாவிகளைக் கொன்ற தாக்குதலுக்குத் தலைமை தாங்கினான்.

எமது பல்லேகமவைப் பாருங்கள். களு கங்கை நீர்த்தேக்கத்தில் பழைய நகர் மூழ்கியபோது மக்கள் புதிய லக்கல நகருக்குப் பெயர்ந்தனர். விலாசம் மாறியது, அதற்காக எவரும் பெற்றோரை மறுக்கவில்லை. ஜமாஅத் மாறுவதும் ஒரு விலாச மாற்றம் போன்றதே.

இளைஞனே! பெற்றோர் இணைவைக்கும்படி வற்புறுத்தினால் அதில் மட்டும் கீழ்ப்படியாதிருக்கவும், ஆயினும் உலக வாழ்வில் அவர்களுடன் நல்லமுறையில் பழகவும் ஸூரா லுக்மானின் 15ஆம் வசனம் கட்டளையிடுகிறது. இணைவைக்கத் தூண்டும் பெற்றோருக்கே இவ்வுரிமை எனில், உன்னைத் தொழப் பழக்கிய வாப்பாவுக்கு எவ்வளவு உரிமை! சகோதரனைக் காபிர் என்று அழைத்தால் அச்சொல் இருவரில் ஒருவரைச் சேரும் என்ற நபிமொழியையும் அஞ்சிக்கொள்.

பெற்றோர்களே! பிள்ளை எதைக் கேட்கிறான், யாரிடம் கற்கிறான் என்பதை அருகிலிருத்தி அன்போடு விசாரியுங்கள். பதில் தெரியாவிடின் தகுதியுள்ள ஆலிமிடம் இருவரும் சேர்ந்தே செல்லுங்கள். வீட்டில் கதவடைக்கப்பட்ட பிள்ளைக்கு, தெருவில் கதவு திறக்கத் தீயோர் காத்திருக்கின்றனர்.

அல்லாஹ் எமது உள்ளங்களை இணைத்து வைப்பானாக! ஆமீன். வஸ்ஸலாம்.