தனியாக மலையேறுவோருக்கு எந்த முக்காலி ஏற்றது?

வார இறுதிகளில் செமினியை அடுத்த புரோகா குன்றில் விடியலைப் படமெடுக்கக் கேமராவோடு ஏறுவோர் பலர். குழுவாக வருவோருக்குப் படம் எடுத்துத் தர ஆள் உண்டு. தனியாக ஏறுபவருக்கு அந்த வேலையை முக்காலிதான் செய்ய வேண்டும். ஆனால், அதைச் சுமப்பவரும் அவரே. எனவே, வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது அதன் எடை.

ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிலோகிராம். ஒன்றரைக் கிலோ முக்காலியைச் சுமப்பது ஒன்றரை லிட்டர் தண்ணீரைச் சுமப்பதற்குச் சமம். பை கனக்கிறது என்று தண்ணீர்ப் போத்தலை எடுத்து வைத்துவிட்டு முக்காலியைக் கொண்டுபோவது ஆபத்தானது. தாகத்தில் சோர்ந்தால் தனியாகச் செல்பவருக்குத் தண்ணீர் கொடுக்கப் பக்கத்தில் யாரும் இருக்கமாட்டார்கள். தண்ணீர், மழையாடை, கைவிளக்கு, முதலுதவிப் பொருள்கள் ஆகியவற்றை முதலில் பையில் வைத்து, அதற்குப் பிறகு எவ்வளவு சுமக்க முடியும் என்று பார்ப்பதே சரியான கணக்கு.

கைத்தொலைபேசியில் மட்டும் படம் எடுப்போருக்கு 200 முதல் 300 கிராம் எடையுள்ள மேசை முக்காலி போதும். பாறை, மரக்கட்டை, இருக்கை என எதன்மீதும் வைக்கலாம். சிறிய லென்ஸ் பொருத்திய மிரர்லெஸ் கேமராவுக்கு ஒரு கிலோவையொட்டிய முக்காலி பொருந்தும். மடக்கினால் ஏறக்குறைய 40 செண்டிமீட்டருக்குள் இருந்தால் முதுகுப்பையின் பக்கவாட்டில் அடங்கும். கேமராவைப் பொருத்தும் தலைப்பகுதியும் சேர்ந்த எடையா என்று கடையில் கேட்டுக்கொள்ள வேண்டும். சில முக்காலிகளுக்குக் கால்களின் எடையை மட்டுமே குறிப்பிடுவார்கள்.

கார்பன் இழையால் ஆனவை எடை குறைந்தவை, அதிர்வையும் நன்கு தணிக்கும். ஆனால் விலை அதிகம். அலுமினியம் சற்றுக் கனமானது, விலை குறைவு. கால்கள் ஐந்து அடுக்காக இருந்தால் முக்காலி சிறிதாக மடங்கும். ஆனால் கடைசி அடுக்கு மெலிந்து, எளிதில் ஆடும். நடுத்தண்டை உயர்த்தினாலும் உறுதி குறையும். கடையிலேயே கால்களை முழுதாக நீட்டி, மேலே கைவைத்து மெல்ல அழுத்தியும் திருகியும் பார்த்தால் தரம் தெரிந்துவிடும். தாங்கும் எடையாகக் குறிப்பிடப்படுவது, கேமராவும் லென்ஸும் சேர்ந்த எடையைப்போல் இரண்டு மடங்காவது இருப்பது நல்லது.

மலையுச்சியில் காற்று வீசினால் முக்காலியின் நடுக்கொக்கியில் பையை மாட்டலாம். பை தரையைத் தொட்டபடி இருக்கட்டும். ஊசலாடினால் படம் கலங்கும். நம் நாட்டு மழையில் திருகுப் பூட்டுகளுக்குள் சேறும் மணலும் புகும். வீடு திரும்பியதும் கழுவி, கால்களை நீட்டிக் காயவைக்க வேண்டும்.

தனியாகப் படம் எடுப்பதில் பெரிய ஆபத்து, பத்து விநாடி டைமரை அழுத்திவிட்டு ஓடுவது. நீர்வீழ்ச்சிப் பாறைகளில் பாசி வழுக்கும். கைத்தொலைபேசிச் செயலி வழியாகவோ சிறிய ரிமோட் மூலமாகவோ கேமராவை இயக்கினால் ஓட வேண்டியதில்லை. விளிம்பை ஒட்டி நிற்காமல், முக்காலியைத் தாழ்வாக வைத்துப் படமெடுத்தாலே மலைக்காட்சி பின்னணியில் விழும்.

மலேசியாவில் பல வனக் காப்பகங்களில் ஏற வனத்துறையின் அனுமதி தேவை. 4,095 மீட்டர் உயரக் கினபாலு மலையில் வழிகாட்டி கட்டாயம். எங்கு ஏறினாலும், போகும் பாதையையும் திரும்பும் நேரத்தையும் வீட்டாரிடம் சொல்லிச் செல்ல வேண்டும்.

புது முக்காலியை முதல்முறை மலைக்குக் கொண்டுபோகும் முன், நிரம்பிய தண்ணீர்ப் போத்தல்களோடு பையில் வைத்து அடுக்குமாடிப் படிக்கட்டில் பத்து மாடி ஏறிப் பார்க்கலாம். அங்கேயே தோள் வலித்தால், இன்னும் சிறிய முக்காலியே அவருக்கு ஏற்றது.