கையெழுத்துக்கு முந்திய கேள்வி

போடிநாயக்கனூர்க் கடைவீதியில் ஏலக்காய் விலை ஒரு நாள் ஏறுகிறது. மறு நாள் இறங்குகிறது. மலையில் மழை பொய்த்தால் ஏறும், காய்ப்பு மிகுந்தால் இறங்கும் என்பது வியாபாரிகளெல்லாம் அறிந்த பழங்கணக்கு. அந்தக் கணக்கிலே அடங்காத காரணங்களும் உண்டு. மத்திய அமெரிக்காவைச் சேர்ந்த குவாதமாலா தேசத்தில் சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் பயிரேறிய ஏலம், 1980-களில் நம்முடைய சரக்கை அரபு நாட்டுச் சந்தைகளினின்றும் பெரும்பாலும் வெளியே தள்ளிவிட்டது. 2018-இல் ஸௌதி அரேபியா, பூச்சிமருந்தின் எச்சம் மிகுதியென்று சொல்லி இந்திய ஏலக்காயை மறுத்தது. ஏலத்தோட்டத்து நிழல் மரங்களில் படரும் மிளகுக்கோ வேறொரு வகை இடையூறு. இலங்கையுடன் 1998 டிசம்பரில் கையெழுத்தாகி 2000 மார்ச்சில் அமலுக்கு வந்த வர்த்தக உடன்படிக்கையின் வழியாக, அந்நாட்டு மிளகும், அந்நாட்டின் பெயரைச் சூடிக்கொண்டு வேற்று நாட்டு மிளகும் வந்திறங்குவதாகத் தோட்டக்காரர்கள் நெடுநாளாக முறையிட்டு வருகிறார்கள்.

இவை யாவும் அந்நிய நாட்டு விவகாரங்கள். அப்படிச் சொன்ன மாத்திரத்தில், அது டில்லியிலே சில பெரிய உத்தியோகஸ்தர்களின் மேஜைக்கு உரிய பொருள், நமக்கென்ன என்று ஒதுங்கிவிடும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. விடியற்காலையில் ஜீப்பிலேறிப் போடிமெட்டு வழியாகக் காயெடுக்கச் செல்லும் பெண்ணின் நாட்கூலியின் மீது அந்த மேஜையின் நிழல் விழுகிறது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆதலின், அந்த மேஜையை நோக்கிக் கேள்வி கேட்க யாருக்கு உரிமை, அதை எந்த வேளையில் செலுத்தினால் பயன்படும் என்பதைச் சற்று ஆராய்வோம்.

சென்னைச் சட்டசபையில் போடித் தொகுதிக்கு ஓர் அங்கத்தினர் இருக்கிறார். அவர் ரஸ்தாவைப் பற்றிக் கேட்கலாம், ஆஸ்பத்திரியைப் பற்றிக் கேட்கலாம். அந்நிய நாட்டுடன் செய்யும் உடன்படிக்கையோ, தேசப் பாதுகாப்போ அவருடைய கேள்வியின் எல்லைக்கு அப்பாற்பட்டது. அரசியல் சட்டம் அவற்றை மத்திய சர்க்காரின் பட்டியலில் வைத்திருக்கிறது. சட்டசபை தீர்மானம் நிறைவேற்றலாம். கச்சத்தீவு விஷயமாக 1974 ஆகஸ்டு 21-ஆம் தேதியும் நிறைவேற்றியது. அரை நூற்றாண்டு கழித்து 2025 ஏப்ரல் 2-ஆம் தேதியும் நிறைவேற்றியது. தீர்மானத்துக்கு மறுமொழி கூறியே தீரவேண்டும் என்ற கட்டாயம் டில்லிக்கு இல்லை. பார்லிமெண்டில் அங்கீகரிக்கப்பட்ட கேள்விக்கோ மந்திரி வாய் திறந்தாக வேண்டும். தீர்மானத்துக்கும் கேள்விக்கும் உள்ள வேற்றுமை இதுவே. ஆகவே தேனித் தொகுதியிலிருந்து லோக் சபைக்குச் செல்பவரின் கையில்தான் போடியின் வினா இருக்கிறது.

இந்த உரிமை எளிதில் கிட்டியதன்று. 1892-ஆம் வருஷத்துச் சட்டத்தின் பேரில்தான் இந்தியச் சட்ட கவுன்ஸில்களில் முதன் முதலாகக் கேள்வி கேட்க அனுமதி பிறந்தது. கேட்டவரே ஓர் உபகேள்வி போடலாம் என்ற சலுகை 1909-இல் வந்தது. 1919 சீர்திருத்தத்துக்குப் பின் எந்த அங்கத்தினரும் உபகேள்வி போடலாமென்றாயிற்று. ஆனால் அதே சீர்திருத்தத்தின் கீழ் இயற்றிய விதிகளில் இரண்டு பூட்டுகள் தொங்கின. அந்நிய ராஜ்யங்களுடன் சர்க்காருக்குள்ள உறவைத் தொடும் கேள்வி கூடாது; சுதேச மன்னர்களுடன் உள்ள உறவையோ, அவர்களுடைய சம்ஸ்தானத்து நிர்வாகத்தையோ தொடும் கேள்வியும் கூடாது.

இரண்டாவது பூட்டு போடிக்காரர்களுக்கு எத்தகையது என்பதைச் சிந்திக்க வேண்டும். ஊரின் மேற்கே தலை நிமிர்ந்தால் தெரியும் ஏலமலை அன்று திருவாங்கூர் மகாராஜாவின் நிலம். உழைப்பவர் இங்கே, உழைப்பு அங்கே. சரக்கு விளைவது அங்கே, விலை பேசுவது இங்கே. கம்பம் பள்ளத்தாக்கை வளமாக்கும் பெரியாற்று நீரோ 1886-இல் அதே மகாராஜாவுடன் 999 வருஷத்துக்கு எழுதிய குத்தகையினால் வருவது. மலையும் நீரும் இப்படி இருக்க, இவற்றைப் பற்றிய உறவு விவகாரத்தை டில்லிச் சட்டசபையில் ஒருவர் கிளப்ப முயன்றால் விதி அவர் வாயை மூடிவிடும். 1934-இல் மத்திய சட்டசபைக்குத் தேர்தல் பெற்ற ஸ்ரீ சத்தியமூர்த்தி, உபகேள்விகளால் வெள்ளைக்கார அங்கத்தினர்களைத் திணற அடித்தவர் என்று பெயர் வாங்கினார். அவ்வளவு ஆற்றலுடையவரும் அந்த இரு பூட்டுகளுக்கு உட்பட்டே போராட வேண்டியிருந்தது.

இன்று பூட்டுகள் இல்லை. வாசற்படிகள் மட்டும் உண்டு. லோக் சபையில் நாளொன்றுக்கு நட்சத்திரக் குறியிட்ட 20 கேள்விகளும், குறியில்லாத 230 கேள்விகளும் பட்டியலில் ஏறலாம். குறியிட்டவற்றுக்கு மந்திரி எழுந்து நின்று வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டும். மற்றவற்றுக்கு எழுத்து மூலம். பதினைந்து நாள் முன்னதாக நோட்டீஸ் கொடுக்க வேண்டும். 150 சொற்களுக்கு மேற்படலாகாது. எது முந்துவது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்கிறார்கள். நட்பு நாட்டை மரியாதைக் குறைவாகக் குறிப்பிடும் கேள்வியும், இயல்பாகவே இரகசியமான விஷயத்தைக் கேட்கும் கேள்வியும் தள்ளப்படும். இவ்விரு விலக்குகளும் நியாயமானவையே. எந்தப் படை எந்தக் கணவாயில் நிற்கிறது என்பதைச் சபையில் உரக்கச் சொல்லும்படி எந்தத் தேசபக்தனும் கேட்க மாட்டான். 'தேச நலனை முன்னிட்டுக் கூறுவதற்கில்லை' என்ற போர்வைக்குள் மந்திரிகள் தங்கள் கவனக் குறைவையும் சேர்த்து மூடிக்கொள்ளும் போதுதான் சங்கடம் தோன்றுகிறது.

அந்தப் போர்வையை நீக்கும் வலிமை உபகேள்விக்கு உண்டு. முதற் கேள்விக்குரிய பதிலைக் காரியாலயத்துக் குமாஸ்தாக்கள் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். உபகேள்விக்கு மந்திரி தம் சொந்த அறிவிலிருந்து பதில் எடுக்க வேண்டும். லடாக்கைச் சேர்ந்த அக்ஸாய் சின் வெளியில் சீனர்கள் ரஸ்தா போட்டு முடித்தது 1957-இல். அதைச் சர்க்கார் ஜனங்களுக்குச் சொல்லவில்லை. 1959 ஆகஸ்டு கடைசியில் அங்கத்தினர்கள் சபையில் நெருக்கிக் கேட்ட பிறகே பிரதம மந்திரி நேரு அதனை வெளியிட்டார். அடுத்த மாதமே சீனாவுடன் நடந்த கடிதப் போக்குவரத்து வெள்ளை அறிக்கையாக வந்தது. அக்கேள்விகள் எழாதிருந்தால் 1962 யுத்தம் தொடங்கும் வரையில் தேசம் எவ்வளவு அறிந்திருக்குமோ தெரியாது.

இனிக் கச்சத்தீவுக்கு வருவோம். கொச்சியில் தொடங்கி மூணாறு, போடிமெட்டு, போடி, தேனி, மதுரை, இராமநாதபுரம் என்று தனுஷ்கோடி வரையில் ஓடியது பழைய 49-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. அச்சாலை கடலைத் தொடும் இடத்துக்கு அப்பால்தான் அந்தத் தீவு. 1968-லேயே அதைப் பற்றி லோக் சபையில் விவாதம் எழுந்தது. ஆறு வருஷம் சென்றது. 1974 ஜூன் மாத இறுதியில் ஸ்ரீமதி இந்திரா காந்தியும் ஸ்ரீமதி சிரிமாவோ பண்டாரநாயக்காவும் உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். தீவு இலங்கையின் பக்கம் சேர்ந்தது. வெளிநாட்டு மந்திரி ஸ்வரண் சிங் லோக் சபையில் அறிக்கை படித்த தேதி ஜூலை 23. முகூர்த்தம் முடிந்து ஏறக்குறைய ஒரு மாதம் சென்ற பிறகு ஜாதகத்தைச் சபைக்குக் காட்டினார்கள்! லோக் சபையின் விதிப்படி, மந்திரி அறிக்கை படிக்கும் போது அதன் மீது கேள்வி கேட்கலாகாது என்பதையும் இங்கே நினைவிற் கொள்க.

அன்று சபையில் எதிர்த்து எழுந்தவர்களில் ஸ்ரீ இரா. செழியன் ஒருவர். இராமநாதபுரம் அங்கத்தினராயிருந்த ஸ்ரீ பி. கே. மூக்கையாத் தேவர் ஒருவர். உசிலம்பட்டிச் சீமையைச் சேர்ந்தவர். பெரியகுளம் தொகுதியின் அங்கத்தினரான முஸ்லிம் லீகைச் சேர்ந்த ஜனாப் எஸ். எம். முகம்மது ஷெரீப் இன்னொருவர். போடி அப்போது பெரியகுளம் தொகுதிக்கு உட்பட்டது. ஆகவே மலையடிவாரத்து ஜனங்களின் பிரதிநிதிதான் கடல் நடுவே உள்ள தீவுக்காக வாதாடினார். தம் தொகுதியில் கடலே இல்லையே என்று அவர் வாளாவிருக்கவில்லை. 1967-இல் இராமநாதபுரத்தின் பிரதிநிதியாகச் சென்றிருந்தவர் அவர். அத்தீவின் பழைய பாத்தியதையை அறிந்தவர். இச்செய்தியை நம் ஜில்லாவில் இன்று எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறார்கள்?

அவர்கள் பேச்சினால் என்ன விளைந்தது என்று கேட்பீர்கள். கையெழுத்து அழியவில்லை. நிலத்தை அந்நிய நாட்டுக்குக் கொடுப்பதானால் அரசியல் சட்டத்தைத் திருத்தியாக வேண்டும் என்று 1960-இல் பெரூபாரி விவகாரத்தில் சுப்ரீம் கோர்ட்டு அபிப்பிராயம் கூறியிருந்தது. இது நிலத்தைக் கொடுப்பதன்று, எல்லைத் தகராற்றைத் தீர்ப்பதே என்று வகைப்படுத்திச் சர்க்கார் அந்த வழியைக் கடந்து சென்றது. 1974 உடன்படிக்கையில் நமது மீனவரும் யாத்திரிகரும் தீவுக்குப் போய்வரலாம் என்ற ஷரத்தாவது இருந்தது. 1976 மார்ச்சில் இரு நாட்டு வெளிநாட்டுக் காரியதரிசிகளும் மாற்றிக்கொண்ட கடிதங்களில், ஒருவர் கடலில் மற்றவர் மீன் பிடிக்கலாகாது என்று எழுதப்பட்டது. அந்த மாதத்தின் நிலைமை என்ன? நாட்டில் நெருக்கடி நிலை, பத்திரிகைகளுக்குத் தணிக்கை, சென்னையில் ஜனவரி 31-ஆம் தேதி மந்திரி சபை கலைக்கப்பட்டுவிட்டபடியால் தீர்மானம் போடக்கூடச் சட்டசபை இல்லை. இரண்டு காரியதரிசிகளின் கடிதம் பாக் நீரிணையில் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் பிழைப்பைத் தீர்மானித்தது. கேட்பாரில்லாத வேளையில் எழுதிய கடிதத்தின் பலனை அக்கரையோர மீனவர்கள் சிறையிலும் சேதத்திலும் இன்றளவும் அனுபவிக்கிறார்கள்.

இதிலிருந்து ஒரு விஷயம் வெளிப்படை. நமது அரசியல் சட்டப்படி அந்நிய நாட்டு உடன்படிக்கைக்குப் பார்லிமெண்டின் முன் சம்மதம் தேவையில்லை. மந்திரி சபை தானே கையெழுத்திடலாம். அதை நிறைவேற்றச் சட்டம் இயற்றவேண்டி வந்தால்தான் சபைக்கு வேலை. எனவே பேச்சு நடந்துகொண்டிருக்கும் காலத்தில் கேட்கும் கேள்வி ஒன்றே ஜனப் பிரதிநிதியின் ஆயுதம். கையெழுத்துக்குப் பின் கேட்பது சரித்திரத்துக்கு உதவும், பாதிக்கப்பட்டவனுக்கு உதவாது.

அந்த ஆயுதமும் ஆபத்து வேளையிலே கழன்று போவது உண்டு. 2020 ஜூன் 15-ஆம் தேதி கல்வான் பள்ளத்தாக்கில் நமது வீரர் இருபது பேர் உயிர் நீத்தார்கள். அவர்களில் இராமநாதபுரம் ஜில்லாவைச் சேர்ந்தவரும் ஒருவர். செப்டம்பரில் பார்லிமெண்டு கூடிய போது, தொற்று நோயைக் காரணம் காட்டிக் கேள்வி நேரத்தை நீக்கிவிட்டார்கள். எழுத்து மூலப் பதில் மட்டும் உண்டென்றார்கள். பாதுகாப்பு மந்திரி அறிக்கை படித்தார். உபகேள்விக்கு இடமில்லை. 1975-இல் நெருக்கடி நிலையின் போது கூடிய முதற் கூட்டத்திலும் கேள்வி நேரம் நிறுத்தப்பட்டிருந்தது. கட்சி மாறினும் மந்திரிகளுக்குக் கேள்வி நேரத்தின் மீதுள்ள அச்சம் மாறவில்லை போலும்!

குறை மந்திரிகள் பக்கம் மாத்திரம் இல்லை. 2005 டிசம்பரில், கேள்வி கேட்கப் பணம் வாங்கியதற்காகப் பதினொரு அங்கத்தினர்கள் பார்லிமெண்டிலிருந்து நீக்கப்பட்டார்கள். கேள்வி விலைபோகும் சரக்கு என்றால், அதற்கு மதிப்பு உண்டு என்பது பணக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. ஏலத்தோட்டக்காரருக்கும் தொழிலாளிக்கும் அது தெரியவேண்டும். அவர்கள் பிரதிநிதிக்கு மாலை போடுகிறார்கள், மனுக் கொடுக்கிறார்கள். சபையில் கேட்கத் தக்க வினாவாக எழுதி ஒன்றும் கொடுப்பதில்லை. எழுதும்போது இலாகாவைக் கவனிக்க வேண்டும். ஏலக்காய் வர்த்தக இலாகாவுக்கு உட்பட்டது. வெளிநாட்டு மந்திரியைக் கேட்டால் அது வர்த்தக இலாகாவுக்கு மாற்றப்படும்; மாறி மாறிச் சென்று கூட்டத்தொடரே முடிந்துவிடும். 'தகவல் சேகரிக்கப்பட்டு வருகிறது' என்று பதில் வந்தால் மனந்தளர வேண்டாம். அது சர்க்கார் அளித்த உறுதிமொழியாகக் கணக்கில் ஏறும். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். தவறினால் விசாரிக்க லோக் சபையில் 1953 முதல் உறுதிமொழிக் கமிட்டி ஒன்று இருக்கிறது. பதிலைக் கத்தரித்து ஒட்டிவைத்து, மூன்றாம் மாதம் பிரதிநிதியின் வாசலில் போய் நிற்பதற்குப் போடியில் நாலு இளைஞர் இருந்தால் போதும்.

மாதிரிக்கு ஒன்றை வரைந்து தருகிறோம். விதிகள் அனுமதிக்கும் அளவுக்குள்ளேயே இது அடங்குகிறது:

வர்த்தக மந்திரி தயவுசெய்து கூறுவாரா: (அ) ஏலக்காய், மிளகு ஆகியவற்றின் இறக்குமதித் தீர்வையைப் பாதிக்கக் கூடிய உடன்படிக்கை எதையேனும் குறித்து அந்நிய நாடுகளுடன் தற்போது பேச்சு நடந்து வருகிறதா, (ஆ) ஆமெனில், எந்தெந்த நாடுகளுடன், எந்தக் கட்டத்தில் இருக்கிறது, (இ) கையெழுத்தாவதற்கு முன் போடிநாயக்கனூர், உடும்பன்சோலைப் பகுதிகளின் தோட்டக்காரர், தொழிலாளர் சங்கங்களின் கருத்து கேட்கப்பட்டதா, (ஈ) இல்லையெனில், அதற்குக் காரணம் என்ன?